நிழல் வருகை

பள்ளிக்கூடத்தைப் பூட்டச் சொல்லி உத்தரவு வந்த அன்று, கரட்டுப்புதூர் அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியை வான்மதிக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போகும், அவ்வளவுதான் என்று நினைத்தாள். சாம்பல் காய்ச்சல் அப்போது திருப்பூர்ப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கவில்லை.

வந்த பிறகுதான் அதன் குணம் தெரிந்தது. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அது ஒன்றும் செய்யவில்லை. ஒரு தும்மல்கூடக் கிடையாது. ஆனால் கூடி விளையாடிய பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மாவின் மடியில் படுத்தால், சில நாட்களில் அம்மாவின் உதடும் நகமும் சாம்பல் பூத்துவிடும். அதற்குப் பிறகு பிழைத்தவர்கள் குறைவு. பிழைத்தவர்களும் பாதி மூச்சோடு கிடந்தார்கள்.

அதனால் சந்தை திறந்தது, பனியன் கம்பெனிகள் திறந்தன, கோயில்கூடத் திறந்தது. பள்ளிக்கூடம் மட்டும் திறக்கவில்லை. ஊர் பிள்ளைகளைப் பார்த்துப் பயந்தது. இரண்டு பிள்ளைகள் தெருமுனையில் சேர்ந்து நின்றால், எதிரிகளைப் பார்த்ததுபோல் ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன.

கல்வித்துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கண்ணாடி அனுப்பியது. அதை மாட்டிக்கொண்டால் வகுப்பறை தெரியும். அதே பெஞ்சுகள், அதே கரும்பலகை, ஜன்னலுக்கு வெளியே அதே வேப்பமரம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் முகம், குரல், அவள் காதோரம் கிசுகிசுப்பது வரை எல்லாமே இருந்தன. முதல் நாள் வகுப்பு வகுப்பாக எட்டிப் பார்த்த வான்மதி, கடைசி வகுப்பை விட்டு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். உள்பக்கம் ஈரமாகியிருந்தது.

இரண்டு மாதம் நன்றாகவே போயிற்று. பிறகு இடங்கள் காலியாகத் தொடங்கின.

வராத பிள்ளையின் இடம் வெறும் பெஞ்சாகத் தெரியும். ஓர் இடம் காலியானால் அந்த வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று மற்ற பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்தது. நாளைக்கு யார் பெஞ்சு என்ற பயத்திலேயே சில பிள்ளைகள் கண்ணாடியை மாட்ட மறுத்தார்கள்.

ஏழாம் வகுப்பில் மித்ராவின் இடம் காலியானபோது, அவள் பக்கத்தில் உட்காரும் யாழிசை பேசுவதை நிறுத்தினாள். சாப்பாட்டையும் நிறுத்தினாள். கண்ணாடியை மட்டும் கழற்றவில்லை. நாள் முழுக்க அந்த வெற்றுப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா சங்கீதா போனில் அழுதாள்.

"எம்புள்ளைய எப்படியாச்சும் பேச வையுங்க டீச்சர். மூணு நாளா பச்சத்தண்ணி பல்லுல படலீங்க."

வான்மதி முகக்கவசத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு மித்ராவின் வீட்டுக்குப் போனாள். வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டு ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்து பேசியது. "அப்பங்காரன் போயிட்டானுங்க. ஆத்தாளுக்கும் மூச்சு விட முடியல. மாமங்காரன் வந்து எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயிட்டானுங்க. எங்கன்னு தெரியலீங்க."

அன்று மாலை கல்வித்துறையின் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து அப்சல் என்ற இளைஞன் பேசினான். கரட்டுப்புதூர் வட்டாரத்துக் கண்ணாடிகளெல்லாம் அவன் பொறுப்பு.

"நிழல்னு ஒரு வசதி வந்திருக்கு மேடம். இந்த ரெண்டு மாசத்துல அந்தப் பொண்ணு பேசினது, சிரிச்சது, கை தூக்கினது எல்லாமே சிஸ்டத்துல இருக்கு. அத வெச்சு அவ இடத்துல ஒரு உருவத்த உக்கார வைக்கலாம். பொண்ணு திரும்பி வந்ததும் எடுத்துடலாம். நீங்க கையெழுத்துப் போட்டா போதும்."

"அது பொய்யில்லீங்களா தம்பி?"

"பெஞ்சு கூடப் பொய்தானே மேடம். வேப்பமரமும் பொய்தான்."

வான்மதி அந்த இரவை யோசித்தே கழித்தாள். மித்ராவைக் கண்டுபிடிக்கும்வரை மட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காலையில் கையெழுத்துப் போட்டாள். பத்து மணிக்கு மித்ரா தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். "காச்சலடி, அதான் வரல" என்றாள். யாழிசை அவளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அன்று மதியம் சோறு தின்றாள் என்று சங்கீதா போன் செய்து நன்றி சொன்னாள்.

மித்ராவைத் தேடித் தரும்படி வான்மதி மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினாள். பதில் வந்தது. வருகைப் பதிவின்படி அந்த மாணவி தவறாமல் வகுப்புக்கு வருவதால் அவரைக் காணாமல் போனவராகக் கருத இயலாது என்று. வான்மதிக்குக் கோபம் வந்தது. மறுபடியும் எழுத வேண்டும் என்று நினைத்தாள். அந்த வாரத்தில்தான் அவள் கணவர் சிவநேசனின் நகம் சாம்பல் பூத்தது.

அவர் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. குழந்தை இல்லாத வீடு. பள்ளியை நடத்துவது ஒன்றுதான் மிச்சம் என்று வான்மதி வேலையில் விழுந்தாள். ஆசிரியர்களில் மூன்று பேர் செத்திருந்தார்கள். அவர்கள் பாடங்களையும் சேர்த்து நடத்தினாள். அரிசி இல்லாத வீடுகளுக்கு அரிசி அனுப்பினாள். அனாதையான பிள்ளைகளைப் போனிலேயே தேற்றினாள். "எங்க ஹெச்.எம். இல்லேன்னா இந்த ஊர்ப் பிள்ளைங்க பைத்தியம் புடிச்சுப் போயிருக்கும்" என்று ஊரில் சொன்னார்கள். அது உண்மைதான்.

மதிய இடைவேளையில் பிள்ளைகளெல்லாம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். மித்ராவும் யாழிசையும் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அடுப்படியில் ஒற்றைத் தட்டோடு உட்காரும் வான்மதி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வகுப்பின் கடைசி வரிசையில் போய் உட்காருவாள். இரண்டு பேரும் சளசளவென்று பேசுவார்கள். சினிமா, பூனைக்குட்டி, யார் உயரம் என்று ஏதாவது. கேட்டுக்கொண்டே இருந்தால் தட்டு காலியாகிவிடும். தினமும் கண்ணெதிரே சிரிக்கிற பிள்ளையை யார் தேடுவார்கள்? மாவட்ட அலுவலகத்துக்கு இரண்டாவது கடிதம் போகவே இல்லை.

நிழல்கள் கூடின. ஆசிரியர்களுக்கு மட்டும் தெரியும்படி ஒவ்வொரு நிழலின் தலைமேலும் ஒரு நீலப் புள்ளி இருந்தது. கணக்கு ஆசிரியர் இன்பராஜ் ஒருநாள் அதைப் பற்றிப் பேசினார். தூத்துக்குடிப் பக்கத்து மனிதர். மனசில் உள்ளதை அப்படியே சொல்லிவிடுவார்.

"அந்தப் புள்ளியப் பாத்தா பாடம் நடத்த வாயே வரமாட்டேங்கு மேடம். யாருக்காக நான் தொண்ட கிழியக் கத்துதேன்னு தோணுது. உண்மையான புள்ளையளக் கூடக் கவனிக்க முடியல."

மற்ற ஆசிரியர்களும் அதையே சொன்னார்கள். வான்மதி அப்சலிடம் கேட்டு அந்தப் புள்ளியை எடுக்க வைத்தாள். ஆசிரியர்களின் குரலில் மறுபடி தெம்பு வந்தது. அடுத்த வருடம், மூன்று நாள் வராத பிள்ளைக்கு நிழல் தானாகவே வந்து உட்காரும், கையெழுத்துக்கூடத் தேவையில்லை என்று துறை அறிவித்தது. மாவட்டம் முழுக்க வருகை நூறு சதவீதம் என்று செய்தி வந்தது. தேர்வுகளையும் நிழல்கள் எழுதின. யாரும் அதை விசாரிக்கவில்லை. வான்மதியும் விசாரிக்கவில்லை.

மூன்றாவது வருடக் கடைசியில் தடுப்பூசி வந்தது. ஜூன் மாதம் பள்ளிகளைத் திறக்கலாம் என்று உத்தரவும் வந்தது.

திறந்த அன்று வான்மதி வாசலிலேயே நின்றாள். பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். குட்டையாக இருந்தவர்கள் நெட்டையாகி இருந்தார்கள். பையன்களுக்கு மீசை அரும்பியிருந்தது. ஒருவரை ஒருவர் தொடலாமா என்று தயங்கித் தயங்கித் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். வான்மதி ஒவ்வொரு தலையிலும் கை வைத்தாள். மணி அடித்து வெகுநேரமாகியும் அவள் வாசலை விட்டு நகரவில்லை. இன்னும் வருவார்கள் என்று ரோட்டைப் பார்த்தபடியே நின்றாள்.

இன்பராஜ் பத்தாம் வகுப்பிலிருந்து வெளியே வந்தார். 

"மேடம், நேத்து சாயந்தரம் வரைக்கும் எல்லாப் புள்ளையளும் இருந்துச்சே. சந்தேகம் கேட்டுச்சே. இங்க ஒம்பது பேருதான் உக்காந்திருக்கு."

வான்மதி ஓடிப்போய்ப் பார்த்தாள். அறை நிறைய பெஞ்சுகள். ஒன்பது பிள்ளைகள் அங்கொருவரும் இங்கொருவருமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் மிரண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மித்ராவின் பெஞ்சு காலியாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பக்கத்து இடமும் காலியாக இருந்தது.

அப்சலுக்குப் போன் செய்தாள். "யாழிசை வரலீங்க தம்பி. காச்சலா இருக்குமுங்களா? நேத்து மத்தியானம் கூட நல்லாத்தான் பேசிட்டிருந்தா."

அப்சல் கணினியைத் தட்டும் சத்தம் கேட்டது. "மேடம்... அவளும் நிழல்தான். ஒன்றரை வருஷமா."

"அப்ப அவங்க ரெண்டு பேரும் பேசிட்டிருந்தது?"

"நிழலும் நிழலும் பேசியிருக்கு."

"மத்தியானத்துல வேற யாரும் இருக்க மாட்டாங்களே. பாக்கறதுக்கு ஆள் இல்லாமயா அதுங்க பேசும்?"

"இல்ல மேடம். யாராவது பாத்தாதான் நிழல் பேசும். ஆள் இல்லேன்னா சிஸ்டம் அணைச்சு வெச்சுடும்." மறுபடி தட்டும் சத்தம். "கடைசி வரிசையில உங்க கண்ணாடி மட்டும் இருந்திருக்கு. உங்களுக்காகத்தான் பேசியிருக்குங்க."

அன்று பிற்பகலே வான்மதி சங்கீதாவின் வீட்டுக்குப் போனாள். சங்கீதா வாசலில் நின்று பேசினாளே தவிர உள்ளே கூப்பிடவில்லை.

"அவங்கப்பா போயிட்டாருங்க டீச்சர். தறி நின்னுபோச்சு. அப்பத்தான் வேன்ல ஒருத்தன் வந்தான். நூல் மில்லுக்குப் புள்ளைங்க வேணும்னான். பெரியவங்கெல்லாம் பொத்துப் பொத்துனு விழறாங்க, புள்ளைங்களுக்குத்தான் காச்சல் வராதே, அதுங்களே மில்ல ஓட்டட்டும்னான். அங்கயே தங்கணும், நோய் பரவும்னு ஊட்டுக்கு விடமாட்டோம்னான். நான் வேண்டாம்னுதானுங்க சொன்னேன். இவதான் அவனத் தனியாக் கூப்புட்டு என்னமோ கேட்டா. கேட்டுட்டு, போறேன்னு ஒத்தக் கால்ல நின்னா."

"ஏம்மா, எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"யாராச்சும் கேட்டு வருவீங்கன்னு நெனச்சேனுங்க" என்றாள் சங்கீதா. "வரலையே. அவ வராதது உங்களுக்குத் தெரியாதுங்களா?"

வான்மதி அந்த மில்லுக்கு வழி கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் இன்பராஜின் பைக்கில் இருவரும் தாராபுரம் ரோட்டில் போனார்கள். காற்றாலைகளுக்கு நடுவே, சுற்றிலும் தகரம் அடித்த மில். வாசலில் இருந்தவன் முதலில் மறுத்தான். போலீஸோடு வருவேன் என்று இன்பராஜ் குரலை உயர்த்தியதும், பார்வையாளர் கொட்டகையில் உட்காரச் சொன்னான்.

இரண்டு பெண்கள் வந்தார்கள். முடியிலும் புருவத்திலும் பஞ்சுத் துகள். யாழிசையை உடனே அடையாளம் தெரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து இருமிக்கொண்டே வந்தவளை அடையாளம் காண வான்மதிக்கு நேரமாயிற்று. தினமும் அவள் பார்த்த மித்ராவுக்குக் கன்னம் இருந்தது; இருமல் இல்லை.

"டீச்சர்!" என்றாள் யாழிசை. ஓடி வரப்போனவள் பாதியில் நின்றுவிட்டாள். தொடலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. வான்மதி எழுந்து போய் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். எலும்பு எலும்பாகக் கையில் தட்டியது.

"நீ எப்படிக் கண்ணு இங்க வந்தே?" என்று யாழிசையிடம் கேட்டாள்.

"இவளத் தேடித்தானுங்க டீச்சர். கண்ணாடில இருந்தவ மித்ரா இல்லைன்னு எனக்கு மொத நாளே சந்தேகமுங்க. ஒரு மாசம் பாத்தேன். நான் என்ன சொன்னாலும் சரி சரின்னா. இவ அப்படியா? நான் கெழக்குன்னா இவ மேக்குன்னுவா. ஒரு சண்ட கூடப் போடலீங்க. வேணும்னே அவங்கப்பாவப் பத்திக் கேட்டேன். சிரிச்சாளுங்க டீச்சர். செத்துப்போன அப்பாவப் பத்திக் கேட்டா சிரிக்கறா."

"அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே சாமி."

"நீங்க அவளப் பாத்து அத்தன சந்தோசமா இருந்தீங்க" என்றாள் யாழிசை. "உங்க ஊட்டுக்காரரு போன சமயமுங்க அது. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வேன்காரன் வந்தப்ப மித்ரான்னு ஒரு புள்ள அங்க இருக்குதான்னு கேட்டேன். இருக்குதுன்னான். வந்துட்டேன்."

பெரியவர்கள் அத்தனை பேரும் கையெழுத்தும் கடிதமுமாக நின்றுவிட்ட இடத்திலிருந்து, பதிமூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி தனியாகக் கிளம்பி வந்திருக்கிறாள். இன்பராஜ் எழுந்து கொட்டகைக்கு வெளியே போய் முதுகைக் காட்டி நின்றார்.

மித்ராவுக்கு இருமல் அடங்கியது. இப்போது கேட்டாள். "நடுவுல எங்களைத் தேடி யாராச்சும் வந்தீங்களா டீச்சர்? வாட்ச்மேன் ஆரையும் உள்ள விடமாட்டான். அதனால கேக்கறேன்."

வந்தோம், விடவில்லை என்று சொல்லிவிடலாம். பிள்ளையே வழி காட்டிக் கொடுத்துவிட்டது. அந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒருவேளை அவள் மனசு ஆறக்கூடச் செய்யும். அதே நினைப்போடுதான் முதல் கையெழுத்தும் போட்டோம் என்று வான்மதிக்குத் தோன்றியது.

"இல்ல கண்ணு. உன்ற ஊட்டுக்கு ஒருவாட்டி வந்தேன். பூட்டிக் கெடந்துது. அப்புறம் யாரும் தேடல. நானும் தேடல. உன்ற இடத்துல உன்னையாட்டமே ஒண்ண உக்கார வெச்சுட்டோம்."

மித்ரா தலையாட்டினாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "மாமா இங்க கொண்டாந்து உட்ட மொத வருசம் பூரா நான் வாசக் கேட்டுக்கு எதுத்த மெசின்லதானுங்க இருந்தேன். யாராச்சும் வந்தா தெரியும்னு பாத்துக்கிட்டே ஓட்டுவேன். அப்புறம் உள்பக்கம் மாத்திட்டாங்க. அங்கிருந்து பாத்தா வாசக் கேட்டே தெரியாதுங்க."

பிறகு இன்னொன்றையும் கேட்டாள். "அவ நல்லாப் படிச்சாளுங்களா டீச்சர்? கண்ணாடில இருந்தவ?"

"ஒம்பதாவது பாஸ் பண்ணிட்டா."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு மித்ராவுக்கு இருமலாக மாறியது.

கரட்டுப்புதூருக்குத் திரும்பியதும் வான்மதி நடந்ததையெல்லாம் கல்வித்துறைக்கு எழுதினாள். தன் கையெழுத்து, புள்ளியை எடுக்கச் சொன்னது, எழுதாமல் விட்ட கடிதம், எதையும் மறைக்கவில்லை. எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் இல்லை. அவர்கள் எழுதியதாகச் சொல்லும் தேர்வுகள் செல்லாது. அவர்கள் படிப்பை விட்ட வகுப்பிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் அவர்களைத் தேட வேண்டும் என்று கடிதத்தை முடித்தாள். மற்றப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் போன் செய்து திட்டினார்கள். நூறு சதவீத மாவட்டத்தில் இப்படி ஒரு கடிதம் வெடிகுண்டு மாதிரி. பத்து நாளில் அவளைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். ஆனால் கடிதம் செய்தித்தாளுக்கும் போயிருந்தது. தகரம் அடித்த அந்த மில்லுக்கு அதிகாரிகள் போனார்கள். வேறு மில்களுக்கும் போக வேண்டியதாயிற்று.

யாழிசை திரும்பி வந்தாள். பதினைந்து வயதில் எட்டாம் வகுப்பில் சேர்ந்தாள். மித்ரா வரவில்லை. எழுந்து நடக்க முடியாத அம்மா, இரண்டு தம்பிகள். அவள் வேறொரு மில்லுக்குப் போய்விட்டாள். வான்மதி மூன்று முறை போய்ப் பேசினாள். "நீங்க வர்றீங்களே, அது போதுமுங்க டீச்சர்" என்றாள் மித்ரா. நுரையீரலுக்கு மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு வான்மதி திரும்பினாள்.

பொறுப்புத் தலைமை ஆசிரியரான இன்பராஜ் ஒன்று செய்தார். பதிவேட்டில் யார் பெயரையும் அடிக்கவில்லை. தினமும் காலையில் எல்லாப் பெயரையும் வாசித்தார். இல்லாத பிள்ளைக்கு, இருக்கிற பிள்ளை ஒன்று எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். மாலையில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் தெரு தெருவாகப் பிரிந்து தேடப் போனார்கள். சில பிள்ளைகள் கிடைத்தார்கள். பல பிள்ளைகள் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களில் இரண்டு பெண்கள் கைக்குழந்தையோடு இருந்தார்கள்.

வான்மதியால் உள்ளே போக முடியாது. ஆனால் அன்று தேட வேண்டிய தெருக்களைக் கேட்டுப் போகக் காலையில் பள்ளியின் காம்பவுண்டு ஓரம் வந்து நிற்பாள். ஜன்னல்கள் திறந்திருக்கும். பெயர்கள் ஒவ்வொன்றாக வரும்.

"மித்ரா."

பெஞ்சு நகரும் சத்தம்.

"வரலீங்க சார்" என்றது யாழிசையின் குரல், தெருவுக்கே கேட்கும்படி.

வான்மதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிழக்குத் தெருவைப் பார்த்து நடந்தாள்.